பெயர் எழுதாத பாட்டில்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை ஆறே முக்காலுக்குப் பவளம் வாஷிங் மிஷினின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏங்க, மிஷின் நாறுதே, உங்களுக்குத் தெரியல?" என்று கேட்டாள்.

நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒரு வாரமா நாறுது. நீ எப்பக் கண்டுபிடிக்கிறேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன நாத்தம்?"

"பூஞ்சை. ரப்பர் இடுக்குல அழுக்குத் தண்ணி நின்னு ஊறியிருக்கு."

முப்பத்தொரு வருடம் நகராட்சியில் உணவு ஆய்வாளராக இருந்து, நெய்யை முகர்ந்தே எந்தக் கடைச் சரக்கு, எத்தனை பங்கு டால்டா என்று சொன்னவனிடம் நாற்றத்தைப் பற்றித் தகவல் தருவது, கொல்லத் தெருவில் ஊசி விற்கும் வேலை. பவளத்துக்கு அது தெரியும். ஆனாலும் என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"சாயந்தரம் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள்.

அந்தப் பேச்சுக்குச் சாயந்தரம் வாய்க்கவில்லை. பதினொரு மணிக்கு மகள் தேன்மொழிக்கு வலி கண்டுவிட்டது. பிரசவத்துக்காக அவள் தாய்வீடு வந்ததிலிருந்து இரண்டு மாதமாகத் தயாராக இருந்த பை, அந்த நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. மாப்பிள்ளை இளங்கோவின் காரில் எல்லோரும் கிளம்பினார்கள். பவளம் கண்ணாடியை இறக்கி, "வீட்டப் பாத்துக்கங்க. அடுப்புல மட்டும்..." என்று ஏதோ சொன்னாள். பின்னால் நின்ற மினி பஸ் ஹார்ன் அடித்ததில் மிச்சம் கேட்கவில்லை.

மாலை 6.40க்குப் பேத்தி. ஆபரேஷன்தான். இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் சேயும் நலம். அடுத்த ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறார்கள்.

ஆக, மிஷினைச் சுத்தம் செய்ய ஆறு நாள் இருக்கிறது. பிறந்த குழந்தையின் துணி நாறும் மிஷினில் போகக்கூடாது.

பிப்ரவரி 10, திங்கள்

சலவை இயந்திரத்தைச் சுத்தம் செய்வது குறித்துக் கைப்பேசியில் இரண்டு மணி நேரம் படித்தேன். இந்தத் துறையில் இரண்டு சமயங்கள் இருக்கின்றன. ஒன்று வினிகரை வழிபடுகிறது. மற்றொன்று ப்ளீச்சிங். சோடா உப்பை இரு தரப்பாரும் ஏற்கிறார்கள். நான் வினிகர் பக்கம் சாய்ந்தேன். குழந்தைத் துணிக்கு அது சாது என்று எழுதியிருக்கிறது.

வீட்டில் எல்லாமே இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியில் மூன்று பச்சை சோடா பாட்டில்கள். ஒன்றில் ஜன்னல் துடைக்கும் வினிகர். ஒன்றில் கழிப்பறைக்கு ஆசிட். ஒன்றில் ப்ளீச்சிங் திரவம். பின்னிரண்டும் மொபெட்டில் "பினாயில், ஆசிட்" என்று கூவி வருபவரிடம் வாங்குவது. அவர் நம் பாட்டிலில்தான் ஊற்றித் தருவார். எந்தப் பாட்டிலிலும் பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் பவளம் சீட்டு எழுதி ஒட்டினாள். நான்தான் கிழித்துப் போட்டேன். மூக்கு இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்டேன். அன்றிலிருந்து அவளுக்குச் சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். நான் பெயர் சொல்வேன். சமையலறை அலமாரியும் அப்படித்தான். சென்ற வாரம்கூட, ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்று சாப்பாட்டு மேஜைக்கு வருமுன்பே சொன்னேன்.  பத்து நாளாகவே அவள் பெருங்காயத்தில் கை தாராளம்.

காபிப் பொடி சரியில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன், வெறும் மரத்தூள். கடையை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

புதுக் கடையிலும் கலப்படம். கண் முன்னால் அரைத்துத் தந்தான், சூடு கையில் தெரிந்தது, மணம் இல்லை. வரும் வழியில் மல்லிகைப் பூ வாங்கிப் பார்த்தேன். உரத்தைப் போட்டு வளர்க்கிறார்கள், அதற்கும் இல்லை. ஊதுபத்தி, வெறும் புகை. நான் ஓய்வு பெற்று மூன்று வருடத்தில் இந்த ஊர் இவ்வளவு கெட்டுப்போகும் என்று எதிர்பார்க்கவில்லை. மார்கழியில் எனக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு மிக வேகமாகக் கெட்டிருக்கிறது.

மதியம் சோறு வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருக்கும் லூர்து டீச்சர், பள்ளியில் அறிவியல் எடுப்பவர், இந்த வாரம் விடுப்பில் இருப்பவர், படியில் நின்று கத்தினார்.

"நல்லசிவம் சார்! கருகுது சார்! தெருவே நாறுது!"

"தெரியும் டீச்சர். காந்தல் சோறு வயித்துக்கு நல்லது. வேணும்னுதான் விட்டிருக்கேன்."

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போய்விட்டார். பானையின் அடி கரியாகிவிட்டது. ஒரு பொய்க்காக அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட வேண்டியிருந்தது.

மாலை பவளம் பேசினாள். குழந்தைக்கு என் நெற்றியாம். கடைசியில், "மிஷினை ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

"ஏன்? எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, கை வைக்காதீங்கன்னா வைக்காதீங்க. அது கெடக்கட்டும்."

அவள் குரலில் ஒரு பதற்றம் இருந்தது. ஒரு மனிதனைச் சலவை இயந்திரத்துக்குக்கூட நம்பாத பதற்றம். நாளையே செய்வதென்று முடிவெடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

உண்மையை உள்ளபடி எழுதுவதற்குத்தான் நாட்குறிப்பு. ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மூன்று பாட்டில்களையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். முதலாவதை முகர்ந்தேன். இரண்டாவதை முகர்ந்தேன். மூன்றாவதையும். பிறகு வலமிருந்து இடமாக. மூன்றுமே தண்ணீர் போல் இருந்தன. மொபெட்காரனும் கலப்படக்காரன் என்பது உறுதியாயிற்று. பாட்டில் பச்சை, நிறத்தாலும் பிரிக்க முடியவில்லை.

பவளத்துக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்பாள்.

நடுப் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் இருப்பது பொதுவாகச் சாதுவானது. கால் பாட்டிலை மிஷினின் உள்ளே ஊற்றினேன். வினிகர் என்றால் மூக்கில் ஏற வேண்டும். ஏறவில்லை. நீர்த்துப்போன சரக்கு என்று நினைத்து, அதற்கு வலு சேர்க்க இடது பாட்டிலிலிருந்தும் அரைப் பாட்டில் ஊற்றினேன். இரண்டில் ஒன்று நிச்சயம் வினிகராக இருக்கும் அல்லவா? உள்ளே சிறு இரைச்சல் கேட்டது. வேலை செய்கிறது என்று குனிந்து பார்த்தேன். மிஷின் இருக்கும் பின்கட்டு, ஆறடிக்கு நாலடி. கொசு வராமலிருக்கக் கதவையும் ஜன்னலையும் முன்பே சாத்தியிருந்தேன்.

கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல் இருந்தது. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்தார்கள். பழைய வீட்டில் தூசு அதிகம். இருமல் நிற்கவில்லை. கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பது சிறிது நேரம் நினைவுக்கு வரவில்லை.

கதவை வெளியிலிருந்து உடைத்தது லூர்து டீச்சர். முகத்தில் ஈரத்துண்டு. என் சட்டைக் காலரைப் பிடித்து, ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, தெருவரை இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன சார் ஊத்துனீங்க?"

"வினிகர்."

"இதுவா வினிகர்? ஆசிட்டையும் ப்ளீச்சையும் சேத்து ஊத்திருக்கீங்க. குளோரின் சார் இது! எங்க பத்தாங்கிளாஸ் பசங்களுக்குத் தெரியும். மாடியில எனக்கே மூச்சு அடைக்குது, நீங்க உள்ள நின்னு என்ன பண்ணுனீங்க?"

"லேசா அடிச்சுது. பொறுத்துக்கலாம்னு..."

"லேசாவா?" என்றார் டீச்சர்.

என் முகத்தை உற்றுப் பார்த்தார். எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாயில் என் கண்களைக் கழுவினார். ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். மூச்சுக்கு மருந்து வைத்து, நான்கு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். டாக்டரிடம் தூசு என்றேன். டீச்சர் குளோரின் என்றார். டாக்டர் டீச்சர் சொன்னதை எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

குரல் கரகரப்பு. நெஞ்சில் எரிச்சல். டாக்டர் மூன்று நாள் வெளியே போகக்கூடாது என்றார்.

காலையில் டீச்சர் இட்லி கொண்டுவந்தார். சட்னிக் கிண்ணத்தோடு இன்னொரு சின்னக் கிண்ணமும் இருந்தது, ஒரு தட்டால் மூடி. உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தார். பிறகு அந்தத் தட்டை எடுத்து, கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன சார்?"

பார்த்தேன். தெளிந்த எண்ணெய். "தேங்காயெண்ணெய். நல்ல செக்கு."

"மண்ணெண்ணெய் சார்."

 இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"ஜலதோஷம். ரெண்டு நாளா."

"சார்."

"மார்கழிலேர்ந்து" என்றேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? முப்பத்தாறு வருஷமா அவ சமையல்ல நான் சொல்லாத குறை இல்ல டீச்சர். அவ அக்கா வீட்டுக்குப் போனா நாலு நிமிஷத்துல எந்திரிச்சு வந்துடுவேன், வீடு நாறுதுன்னு. அவ தலைக்குத் தேய்க்கிற எண்ணெய மூணு தடவை மாத்த வச்சிருக்கேன். இப்பப் போயி, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லவா?"

"பச்சப்புள்ள வரப்போற வீடு சார் இது" என்றார் டீச்சர். "கேஸ் கசிஞ்சா உங்களுக்குத் தெரியாது. ஏதாவது கருகுனா தெரியாது. பால் கெட்டாத் தெரியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும். இல்லன்னா கார் வந்து நிக்கிறப்ப நான் சொல்லுவேன்."

பச்சைப் பாட்டில்கள் மூன்றையும் கையோடு மாடிக்கு எடுத்துப் போய்விட்டார். பறிமுதல் என்பது எப்படி இருக்கும் என்று முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பவளத்திடம் ஃபோனில் சொல்லிவிடுவதென்று உட்கார்ந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கியும்விட்டேன். "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நேர்ல சொல்றேன்" என்றாள். "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

தூசு என்றேன்.

பிப்ரவரி 15, சனி

மிஷினை முறைப்படி சுத்தம் செய்து முடித்தேன். கடையிலிருந்து சீல் பிரிக்காத சோடா உப்புப் பொட்டலமும் ஆறு எலுமிச்சம்பழமும் டீச்சர் வாங்கி வந்து தந்தார். புதன்கிழமையே அவர் உள்ளே தண்ணீர் விட்டு மூன்று முறை ஓட்டிவிட்டார். நான் சோடா உப்பைப் போட்டுச் சுடுதண்ணீரில் ஒருமுறை ஓட்டினேன். சோப்புத்தூள் போடும் தட்டைக் கழற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கீழே உள்ள வடிகட்டியைத் திருகி எடுத்தேன். ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பொத்தான். கடைசியாகக் கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரித்து எலுமிச்சைச் சாற்றில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு சுற்று முழுக்கத் துடைத்தேன்.

துணி வெள்ளையாகவே வந்தது.

இன்னொரு சுற்றுத் துடைத்தேன். வெள்ளைதான். பூஞ்சையின் கருப்பு ஒரு புள்ளிகூட இல்லை. புதன்கிழமைப் பரிசோதனை ஆட்களை மட்டுமல்ல, அழுக்கையும் கொல்லக்கூடியது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ரப்பரின் மேல்புறத்தில் குளோரின் எட்டாத மடிப்பும் வெள்ளையாகத்தான் இருந்தது.

நாளை பத்து மணிக்கு வருகிறார்கள். ஆரத்தித் தட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, வெற்றிலை, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாள் பவளம். காரிலிருந்து முதலில் இறங்கி அவளே எடுப்பாளாம். வைத்துவிட்டேன். கற்பூரத்தை முகர்ந்து பார்த்தேன். அதுவும் கலப்படம் என்று எழுத இன்று கை வரவில்லை.

காலையில் சொல்லிவிடுவேன். ஆரத்தி முடிந்ததும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம் மூன்று மணி. மாடியில், டீச்சர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

ஒன்பது மணிக்குக் குளித்தேன். குழந்தைக்குக் கொசு கடிக்கக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஒன்பதே காலுக்கு, வந்தவுடன் எல்லோருக்கும் காபி தரலாம் என்று பாலை அடுப்பில் வைத்தேன். அதற்குள் தொட்டில் நினைவு வந்தது. முன்னறைக்குப் போய்ச் சேலைத் தொட்டிலின் முடிச்சைச் சரிபார்த்தேன். அவிழ்த்துக் கட்டினேன். மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். பால் பொங்கியிருக்கிறது. பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அரை மணி நேரம்.

எனக்குத் தெரியவில்லை. இந்த வார்த்தையை இந்த நோட்டில் இப்போதுதான் எழுதுகிறேன்.

கார்ச் சத்தம் கேட்டது. வாசற்கதவைத் திறந்தேன். இளங்கோ இறங்கிப் பின்கதவைத் திறந்தார். தேன்மொழி குழந்தையை மார்போடு அணைத்து மெல்லக் காலை ஊன்றினாள். பவளம் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கை ஒழியாது என்று தோன்றியது. நானே கற்பூரத்தை ஏற்றி வைத்துவிட்டால் அவள் வாங்கிச் சுற்றலாம். நிலைப்படிக்கு உள்ளே நின்று, தட்டை இடது கையில் ஏந்தி, தீக்குச்சியை உரசினேன்.

முதல் குச்சி முறிந்தது.

இரண்டாவதை எடுத்தேன். தேன்மொழி கேட்டைத் தாண்டிவிட்டாள். எனக்கும் குழந்தைக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

"குச்சியைக் கீழ போடுங்க!"

பவளம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே தேன்மொழியைப் பின்னால் தள்ளினாள், தையல் போட்ட வயிறு என்றுகூடப் பார்க்காமல்.

"போடுங்க! உரசாதீங்க! கேஸ்!"

போட்டேன். தட்டையும் போட்டுவிட்டேன். ஆரத்தித் தண்ணீர் வாசலெல்லாம் சிவப்பாக ஓடியது. பவளம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். சிலிண்டர் மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும் சத்தம். மாடியிலிருந்து லூர்து டீச்சர், "யாரும் சுவிட்சத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்து, குழந்தையையும் தாயையும் பக்கவாட்டுப் படி வழியாக மேலே கூட்டிப் போனார். இளங்கோ காரை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றேன். கையில் தீப்பெட்டி இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பவளம் வந்து பக்கத்தில் நின்றாள். 

"எனக்கு வாசனை தெரியாது, பவளம்."

"தெரியும்."

"டீச்சர் சொன்னாங்களா?"

"அவங்க சொல்றதுக்கு முன்னாலயே தெரியும். பொங்கலுக்கு அப்புறம் ஒருநா ரசத்துல பெருங்காயம் போட மறந்துட்டேன். நீங்க தூக்கல்னீங்க. சரி, பாப்பம்னு மறுநாளும் போடல. அதுக்கு மறுநாளும் போடல. டப்பாவையே கழுவிக் கவுத்து வச்சிட்டேன். தெனமும் தூக்கல், தூக்கல்ன்னு சொன்னீங்க."

நான் குனிந்து, சிதறிய வெற்றிலைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அதான் கடைசியா மிஷினை வச்சுப் பாத்தேன்" என்றாள்.

"மிஷினை வச்சு?"

"அது நாறவே இல்லைங்க. நீங்க லைப்ரரிக்குப் போயிருந்தப்ப ஆள் வந்து கழட்டிக் கழுவி வச்சிட்டுப் போனாரு, வெள்ளிக்கெழம. நாறலையேம்பீங்க, இல்ல எனக்கு மூக்கே வேலை செய்யலம்பீங்க, அப்பவாவது வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். ஒரு வாரமா நாறுதுன்னீங்க. பூஞ்சைன்னீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னிக்குச் சாயந்தரமே பேசிருப்பேன். அதுக்குள்ள இவளுக்கு வலி வந்துருச்சு. டீச்சர் இப்பத்தான் புதன்கெழம கதையச் சொன்னாங்க. நாறாத மிஷினைக் கழுவப் போயி... நான் ஒரு வார்த்த ஃபோன்ல சொல்லிருக்கணும். நேர்ல சொல்லலாம், மனசு கஷ்டப்படுவீங்கன்னு இருந்துட்டேன்."

இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றியிருக்கிறோம். குறுக்கே ஒரு குழந்தை வந்திருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

காலையிலேயே பவளம் சீட்டு எழுத உட்கார்ந்துவிட்டாள். சோடா உப்பு. படிகாரம். ஆசிட், தொடாதே. பெருங்காயத்துக்கும் ஒட்டினாள். அவள் எழுத்து கல்யாணமான புதிதில் இருந்ததைப்போலவே இருக்கிறது. நான் கிழித்த சீட்டுகளில் பார்த்தது. கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றை இளங்கோ வாங்கி மாட்டினார். நான் இருக்கும்போது அடுப்புப் பக்கம் யாராவது இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது தேன்மொழியின் உத்தரவு. யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மதியம் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினார்கள். ஒவ்வொருவராக வாங்கி உச்சி முகர்ந்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இளங்கோ இரண்டாம் முறை வாங்கினார். கடைசியில் தேன்மொழி சற்றுத் தயங்கி என்னிடம் நீட்டினாள்.

முகர்ந்தேன். என் மூச்சின் சூடு தலைமயிரில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

"என்ன வாசம்ப்பா?" என்றாள், பழக்கத்தில். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லும்மா" என்றேன்.

மிஷினில் குழந்தையின் துணி ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா ஜன்னலும் திறந்திருக்கின்றன. பவளம் அரை மணிக்கு ஒருமுறை சமையலறை வாசலில் போய் நின்று மூச்சை ஆழ இழுக்கிறாள். நான் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன்.